41 மி.மீ குரோம் குழாயை வைஸில் பிடித்து மூடியைக் கழற்ற எந்தத் தாடை வாங்கலாம்?

#1 குழல்41

எல்லோருக்கும் வணக்கம். வேலை இதுதான்: 41 மி.மீ வெளிவிட்டம், 2.5 மி.மீ சுவர் கனமுள்ள ஸ்டீல் குழாய். வெளியே கடினக் குரோம் பூச்சு. ஒரு முனையில் அலுமினிய மூடி, ஆண் மரையோடு குழாய்க்குள்ளே ஏறியிருக்கிறது. மரையில் பூட்டுப் பசை (மரை தானாகத் தளராமல் ஒட்டிவைக்கும் பசை) இருக்கிறது, நிறம் தெரியவில்லை. இறுக்கும்போது கொடுக்க வேண்டிய டார்க் (முறுக்கு விசை) 60 நியூட்டன் மீட்டர். கழற்ற அதைவிட அதிகம் வேண்டியிருக்கும் என்று 100 வரை எதிர்பார்க்கிறேன்.

என்னிடம் 100 மி.மீ தாடையுள்ள சாதாரண பெஞ்ச் வைஸ், மர மேசையில் மாட்டியது. பார்த்து வைத்திருப்பவை: (அ) காந்தம் ஒட்டிய தட்டையான அலுமினிய மென்தாடை, (ஆ) வி வெட்டு உள்ள ரப்பர் அல்லது பாலியூரித்தேன் தாடை, (இ) குழாய் அளவுக்கு வட்டத் துளை போட்டு, நடுவில் பிளந்து நாலு போல்ட் போட்ட அலுமினியக் கட்டை, (ஈ) துணிப் பட்டை ரிஞ்ச். குரோமில் கீறல் விழக் கூடாது, குழாய் நசுங்கக் கூடாது. எதை வாங்குவது?

#2 பட்டறைவாசி

(இ) தாங்க. மத்த மூணும் வேண்டாம்.

(ஈ) துணிப் பட்டை ரிஞ்ச் கேன் மூடி, ஃபில்டர், பெரிய பிளாஸ்டிக் நட் இதுக்கெல்லாம் நல்லது. 100 நியூட்டன் மீட்டருக்கு இழுத்தா வழவழ குரோம் மேல கண்டிப்பா சறுக்கும். ரப்பர் பட்டைன்னா இன்னும் மோசம், இழுபட்டுக்கிட்டே போகும், விசை மரைக்குப் போய்ச் சேராது.

(ஆ) ரப்பர் தாடை பிடிச்சு வைக்கத்தான், முறுக்கறதுக்கு இல்ல. அரம் போட, பெயின்ட் அடிக்க, ஹேக்ஸா அறுக்க ஓகே. முறுக்கினா ரப்பர் ஓடும், குழாய் மெதுவா உருளும். வெள்ளை நிற அசிட்டால் பிளாஸ்டிக் தாடைன்னு ஒண்ணு விப்பாங்க, அதுவும் வேண்டாம். அசிட்டாலோட குணமே வழுக்குறது, அதுக்காகத்தான் அதை புஷ் (தண்டு உரசி ஓடற உள்வளையம்) செய்யப் பயன்படுத்தறாங்க.

(அ) பத்தி கணக்குத் தெரிஞ்சவங்க சொல்லட்டும். என்னோட பயம் நசுங்கறது.

#3 கணக்குப்பிள்ளை

அந்தப் பயம் நியாயமானது. எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

தட்டையான இரண்டு தாடைகளுக்கு நடுவே உருண்டை நின்றால் தொடுவது இரண்டே கோடுகளில். வைஸ் அழுத்தும் விசையை உராய்வுக் கெழுவாலும் விட்டத்தாலும் பெருக்கினால் வழுக்காமல் தாங்கும் டார்க் வரும். எண்ணெய் இல்லாத அலுமினியத்துக்கும் ஸ்டீலுக்கும் உராய்வுக் கெழு 0.2 என்று வைக்கிறேன். 100 நியூட்டன் மீட்டருக்கு 100 ÷ (0.2 × 0.041), அதாவது ஏறக்குறைய 12,200 நியூட்டன் அழுத்தம் வேண்டும்.

உங்கள் வைஸால் அது முடியுமா? 150 மி.மீ கைப்பிடியில் 300 நியூட்டன் (30 கிலோ போல) கொடுத்து, திருகு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ நகர்கிறது, உராய்வில் முக்கால்வாசி வீணாகிறது என்று எடுத்துக்கொண்டால் தாடையில் 14,000 நியூட்டன் வரை கிடைக்கும். முடியும். சிக்கலும் அங்கேதான்.

குழாயைத் தாடையின் முழு அகலத்துக்கும் படுக்க வைத்து, 100 மி.மீ நீளத்துக்குப் பிடித்ததாகவே இருக்கட்டும். 12,200 நியூட்டனில் 2.5 மி.மீ சுவர் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உள்ளே போகும். சுவரில் வரும் வளைவுத் தகைவு (உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை) 700 மெகாபாஸ்கலைத் தாண்டும். சாதாரணக் குழாய் ஸ்டீல் அதற்கு முன்பே நிரந்தரமாக வளைந்துவிடும். குழாயை நிமிர்த்தி, தாடையின் 25 மி.மீ உயரத்தில் பிடித்தால் தகைவு இதைப் போல நாலு மடங்கு.

சுவர் கனம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நசுங்கும் அளவு கனத்தின் மும்மடியில் மாறும். 2.5 மி.மீ சுவர் 5 மி.மீ ஆக இருந்தால் எட்டில் ஒரு பங்குதான் நசுங்கும். கெட்டித் தண்டாக இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. ஆகவே தட்டைத் தாடை தண்டுக்குச் சரி, குழாய்க்குச் சரியில்லை.

வடிவம் மாறினால் அதே அழுத்தத்துக்குத் தாங்கும் டார்க் எப்படி மாறுகிறது என்றால்: தட்டைத் தாடையை 1 என்று வைத்தால், இரண்டு பக்கமும் 120 டிகிரி வி இருந்தால் 1.15. 90 டிகிரி வி ஜோடி 1.41. 60 டிகிரி வி ஜோடி 2. வட்டமாகத் துளைத்த, சரியாகப் பொருந்தும் பிளவுக் கட்டை, அதாவது உங்கள் (இ), 1.57.

#4 குழல்41

நன்றி. அப்படியானால் 60 டிகிரி வி, வட்டக் கட்டையைவிட நல்லதா? எண் பெரிதாக இருக்கிறதே.

#5 கணக்குப்பிள்ளை

தண்டுக்கு ஆம். குழாய்க்கு இல்லை. வி வெட்டு ஜோடி தொடுவது நாலு கோடுகளில். அந்த நாலு இடத்திலும் சுவர் உள்ளே தள்ளப்படும், இடைப்பட்ட இடம் வெளியே பிதுங்கும். வட்டக் கட்டையில் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தப்படுவதால் போக இடமில்லை.

60 மி.மீ நீளமுள்ள கட்டையில் மொத்தம் 20,000 நியூட்டன் கொடுத்தாலும் குழாயின் மேல் அழுத்தம் 8 மெகாபாஸ்கல்தான். அதனால் சுவரில் வரும் தகைவு 70க்குள். மேலே சொன்ன 700ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 20,000 நியூட்டன் தாங்கும் டார்க்கோ 250 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். உங்களுக்கு வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு.

#6 மூன்றுதாடை

மேலே சொன்னதெல்லாம் துளை சரியான அளவில் இருந்தால்தான். அங்கேதான் விலை மலிந்த கட்டைகள் ஏமாற்றுகின்றன, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துளை குழாயைவிட 0.3 மி.மீ பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பாதியும் நடுக்கோட்டில் மட்டும் தொடும். தட்டைத் தாடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. துளை சிறிதாக இருந்தால் இன்னும் கெடுதல்: பாதியின் இரண்டு ஓரங்களும் கத்தி போல் குழாயில் உட்காரும், குரோமில் நேர்கோடாக நாலு தழும்பு விழும். சரியான அளவு குழாயைவிட 0.02 முதல் 0.05 மி.மீ பெரிது. முதலில் குழாயை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 41 என்று சொல்லப்படுவது 40.95 ஆகவும் இருக்கலாம்.

செய்முறை: 90 × 60 மி.மீ முகமும் 30 மி.மீ கனமும் உள்ள இரண்டு அலுமினியத் துண்டுகள். 6061 ரக அலுமினியம் கிடைத்தால் நல்லது. இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ தகடு வைத்து, நாலு எம்10 (10 மி.மீ மரை) போல்ட்டால் இறுக்குங்கள். போல்ட் துளைகள் குறுக்கே 60 மி.மீ இடைவெளியில் இருந்தால் 41 மி.மீ துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே போதிய சதை இருக்கும். லேத்தில் நாலுதாடைச் சக்கில் (வேலைப்பொருளைப் பிடிக்கும் தலை) பிடித்து, தகடும் சேர்ந்தே வெட்டுப்படும்படி போர் அடியுங்கள், அதாவது துளையை உள்ளே கடைந்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தகட்டை எடுத்துவிட்டால் இரண்டு பாதிக்கும் நடுவே 1 மி.மீ இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி இருந்தால்தான் கட்டை குழாயை இறுக்கும். இறுக்கி முடித்த பின்னும் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவில். பாதிகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் குழாய்க்கு எதுவும் போய்ச் சேராது.

துளையின் எல்லா ஓரத்தையும் அரை மில்லிமீட்டர் சாய்த்து விடுங்கள். விரலை உள்ளே ஓட்டிப் பாருங்கள், நகத்தில் எதுவும் தட்டக் கூடாது. வாங்கிய கட்டையானாலும் இதைச் செய்யாமல் குழாயில் மாட்டாதீர்கள். துளைத்தபோது நின்ற பிசிறு ஒன்று போதும், குரோமில் கோடு போட.

#7 பட்டறைவாசி

போல்ட் எவ்வளவு இறுக்கணும்னு சொல்லிடறேன், இதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க. 8.8 கிரேடு (வலிமைக் குறி) எம்10 போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர்ல இறுக்கினாலே ஒண்ணு 5,000 நியூட்டன் இழுக்கும். நாலு போல்ட் 20,000. கணக்குப்பிள்ளை சொன்ன அளவு வந்துடுச்சு. அதுக்கு மேல ஸ்பேனரைத் தொங்க வேண்டியதில்ல. சறுக்கினா 15 வரைக்கும் போங்க, அதுக்கு மேல போக வேண்டி வந்தா தப்பு வேற எங்கேயோ இருக்கு. துளை அளவா, எண்ணெயான்னு பாருங்க.

குறுக்கு வரிசையில, மூணு சுற்றா இறுக்குங்க. 3, பிறகு 6, பிறகு 10.

#8 தச்சன்கை

லேத் வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. காய்ந்த கடினமான மரத்தில் ஒரு கட்டை, 100 × 80 × 60 மி.மீ. நடுவில் குழாய் அளவுக்கே துளை போட்டு, துளையின் நடுவே ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடுங்கள். ரம்பம் தின்ற 2–3 மி.மீ தான் இடைவெளி. மர இழை குழாயின் நீளவாக்கில் ஓட வேண்டாம், ஓடினால் வைஸ் இறுக்கும்போது துளையின் அடியில் பிளந்துவிடும். இழை குழாய்க்குக் குறுக்கே, ஒரு தாடையிலிருந்து மறு தாடைக்குப் போகும் திசையில் இருக்கட்டும். அந்தத் திசையில்தான் மரம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்.

மரம் லேசாக அமுங்குவதால் துளை அளவில் சின்னப் பிழை இருந்தாலும் அதுவே சரிசெய்துகொள்ளும். கீறலும் விழாது. ஆனால் 40–50 நியூட்டன் மீட்டருக்கு மேல் மரத்தை நம்ப வேண்டாம். உங்கள் 100க்கு அலுமினியம்தான்.

மரத்துளையில் ரோசின் பொடி தூவினால் பிடிப்பு நன்றாக ஏறும். வயலின் வில்லுக்குத் தடவும் அதே ரோசின். கட்டியாக இருந்தால் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்குங்கள்.

#9 குழல்41

ரோசினை அலுமினியக் கட்டையிலும் போடலாமா? துப்பாக்கிக் குழல் மாற்றுகிறவர்கள் காகிதமும் ரோசினும் வைத்துப் பிடிப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

#10 மூன்றுதாடை

போடலாம், அங்கேயும் இதே தத்துவம்தான். ஒரு சுற்று பழுப்புக் காகிதம், அதன் மேல் மெல்லிய ரோசின் பொடி. காகிதம் சின்ன மேடுபள்ளங்களை நிரப்பும், ரோசின் அழுத்தத்தில் பிசின் போல் ஒட்டிக்கொள்ளும். ஒரே சுற்றுதான், நுனிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அந்த இடத்தில் மட்டும் கனம் இரட்டிப்பாகி அழுத்தம் ஒரு கோட்டில் குவியும். காகித கனம் 0.1 மி.மீ என்றால் துளையில் 0.2 இடம் எடுக்கும், அதையும் கணக்கில் சேர்த்துத் துளையுங்கள்.

வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் ரோசின் கரைந்துவிடும். சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) ஓடும் பரப்பில் ஒட்டிய ரோசினைத் துடைக்காமல் விட்டால் சீலின் உதடு கிழியும்.

எல்லாவற்றுக்கும் முன்பு எண்ணெயை எடுங்கள். அசிட்டோனிலோ ஆல்கஹாலிலோ குழாயையும் துளையையும் துடைக்க வேண்டும், துணியில் கறுப்பு வராத வரைக்கும். எண்ணெய்ப் படலம் இருந்தால் 0.2 என்று வைத்த உராய்வு 0.1 ஆகிவிடும். அதாவது பிடிப்பு பாதி. கட்டை வழுக்குகிறது என்று வரும் கேள்விகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

#11 எண்ணெய்க்கை

ஹைட்ராலிக் சிலிண்டர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. உருண்டைப் பரப்பைப் பிடிப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் அந்தப் பாகத்திலேயே பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலிண்டரின் அடிக்கண்ணில் (அடிமுனையிலுள்ள வளையத் துளை) ஊசி, அதாவது கெட்டிக் கம்பி, போட்டு நிறுத்தினால் பல நூறு நியூட்டன் மீட்டர் கொடுத்து முன்மூடியைத் திருப்பலாம், குழாயைத் தொடவே வேண்டாம். பிஸ்டன் தண்டின் கண்ணுக்குள் ஒரு கெட்டிக் கம்பியை நுழைத்து மேசைக்காலில் முட்டவிட்டால் பிஸ்டன் நட்டைக் கழற்றலாம். குழாய்க்குள் அறுகோணமோ பள்ளமோ இருந்தால் உள்ளிருந்தே பிடிக்கலாம். இப்படிப் பிடித்தால் டார்க்கைத் தாங்குவது உராய்வு இல்லை, உலோகம் உலோகத்தில் முட்டி நிற்பது. வழுக்க வாய்ப்பே இல்லை.

மோட்டார் சைக்கிள் முன் ஃபோர்க்கும் இப்படித்தான். மேல்மூடியைத் தளர்த்த ஃபோர்க்கை வண்டியிலிருந்து எடுத்து வைஸில் வைக்க வேண்டியதில்லை. வண்டியிலேயே கீழ்க் கிளாம்ப் போல்ட்டை இறுக்கமாக விட்டு, மேல்க் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தளர்த்தி, மூடியை ஒரு சுற்றுத் திருப்பிக்கொள்ளலாம். மேல்க் கிளாம்ப்பைத் தளர்த்தாமல் திருப்பினால் அது மரை இருக்கும் இடத்தையே நசுக்கிப் பிடித்திருக்கும். மூடி வராது, அலுமினிய மரைதான் உரியும்.

#12 குழல்41

என் குழாயின் மறுமுனை வெறும் வெட்டு முனை. கண், பள்ளம், துளை எதுவும் இல்லை. உள்ளே முழுக்க வழவழப்பு.

கடைசியாக நீங்கள் சொன்னது முக்கியமாகப் படுகிறது. மரைக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்கலாம்? பக்கத்தில் பிடிக்கப் பிடிக்க நல்லது, இல்லையென்றால் குழாய் முறுக்கிக்கொண்டு டார்க் வீணாகும் என்று ஓரிடத்தில் படித்தேன்.

#13 கணக்குப்பிள்ளை

முறுக்கிக்கொள்வது இங்கே பொருட்டே இல்லை. உங்கள் குழாயை மூடியிலிருந்து 200 மி.மீ தள்ளிப் பிடித்து 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தாலும் அது முறுக்குவது 0.13 டிகிரி.

பக்கத்தில் பிடிக்கச் சொல்வதற்குச் சரியான காரணம் வேறு. 500 மி.மீ கைப்பிடியில் 100 நியூட்டன் மீட்டர் என்றால் கை இழுப்பது 200 நியூட்டன். அந்த இழுப்பு மூடியைத் திருப்புவதோடு குழாயைப் பக்கவாட்டிலும் இழுக்கிறது. 200 மி.மீ தள்ளிப் பிடித்திருந்தால் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்குக் கட்டைக்குள் குழாயை நெம்பும். கட்டையின் ஓரத்தில் அழுத்தம் குவிந்து குரோமில் பிறை வடிவத்தில் தழும்பு விழுவது அதனால்தான்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, மரை முடியும் இடத்திலிருந்து 20 முதல் 30 மி.மீ விட்டு, அதற்கு அடுத்துக் கட்டையை வையுங்கள். அதற்குள் வந்தால் கட்டை மரையையும் சேர்த்து இறுக்கும். மரை குழாய்க்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை மூடியின் படத்திலோ அதே மாதிரி இன்னொரு மூடியிலோ பார்த்து, குழாயின் வெளியே பேனாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று, ஒரு பக்கக் கைப்பிடிக்குப் பதில் இரண்டு பக்கமும் நீளும் டி கைப்பிடி. ஒரு கை இழுக்க, மறு கை தள்ள, பக்கவாட்டு இழுப்பு ஒன்றையொன்று அழித்துவிடும்.

#14 பட்டறைவாசி

இப்ப வைஸைப் பத்தியும் மேசையைப் பத்தியும். கட்டை எவ்வளவு நல்லதா இருந்தாலும் மேசை நகர்ந்தா பிரயோஜனம் இல்ல.

பிளவுக் கட்டையோட பெரிய லாபமே உருண்டையைச் சதுரமா மாத்திடறதுதான். கட்டையோட தட்டை முகம் வைஸ் தாடையில முட்டி நிக்கும், அது சுழலவே முடியாது. வைஸை மிதமா இறுக்கினாப் போதும். கைப்பிடியில குழாய் செருகி இழுக்கறது, சுத்தியலால அடிக்கறது எதுவும் வேண்டாம். சாதாரண வார்ப்பிரும்பு வைஸ் எச்சரிக்கை இல்லாம உடையும்.

கட்டையைத் தாடைக்கு நடுவுல, திருகுக்கு நேரா வைங்க. நீளக் குழாய் கீழே திருகுல இடிச்சு, ஒரு பக்கமா வெச்சே ஆகணும்னா, தாடையோட மறு பக்கத்துல அதே கனத்துல இன்னொரு கட்டையை வைங்க. இல்லைன்னா நகரும் தாடை கோணிக்கும், பிடிப்பு ஒரு ஓரத்துல மட்டும் நிக்கும்.

சுழலும் அடித்தட்டு உள்ள வைஸ்னா ரெண்டு பூட்டுப் போல்ட்டையும் ஸ்பேனரால இறுக்குங்க. குழாய் சுத்தலைன்னு சந்தோஷப்படறப்ப வைஸே சுத்தும்.

மேசையில மரத் திருகு போட்டிருந்தா எடுத்துட்டு, மேசையைத் துளைச்சு எம்10 போல்ட், அடியில அகல வாஷர். இடம் மேசைக்காலுக்கு நேர் மேல. இழுக்கற திசை மேசையோட நீளவாக்குல இருக்கட்டும், குறுக்கே இழுத்தா கவிழும்.

#15 தச்சன்கை

மேசை லேசானதாக இருந்தால் மேசையே வேண்டாம். பிளவுக் கட்டையின் இரண்டு போல்ட்டுகளோடு சேர்த்து அரை மீட்டர் நீள இரும்புப் பட்டையைப் பொருத்துங்கள். அது ஒரு கைப்பிடி. மூடியில் மாட்டிய ரிஞ்ச் இன்னொரு கைப்பிடி. இரண்டுக்கும் நடுவே 20–30 டிகிரி கோணம் இருக்கும்படி வைத்து, கத்தரிக்கோலை மூடுவது போல இரண்டு கையாலும் சேர்த்து அழுத்துங்கள். ஒன்றின் விசையை மற்றது தாங்கிக்கொள்வதால் தரையில் வைத்தே செய்யலாம். எந்தப் பக்கம் மூடினால் மரை கழலும் என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

#16 எண்ணெய்க்கை

பூட்டுப் பசை பற்றி யாரும் பேசவில்லை. பிடிப்பை ஏற்றுவதைவிடத் தேவைப்படும் டார்க்கை இறக்குவது எப்போதும் நல்லது.

நீல நிற நடுத்தரப் பசை (லாக்டைட் 243 வகை) சாதாரணக் கருவியிலேயே விடும். சிவப்பு நிறக் கடினப் பசை (271 வகை) என்றால் ஏறக்குறைய 250 டிகிரி வரை சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். உங்கள் சிக்கல், அந்தச் சூட்டில் மூடியின் அலுமினியம் வலுவிழக்கத் தொடங்கும், உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் கருகும். ஆகவே முதலில் சூடில்லாமல் 100 வரை முயலுங்கள். வரவில்லை என்றால் ஹீட் கன்னால் குழாயின் வெளிப்புறத்தை மட்டும், மரை இருக்கும் பட்டையில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். 100–120 டிகிரியில் ஒரு முறை, பிறகு கொஞ்சம் ஏற்றி இன்னொரு முறை. திறந்த தீ வேண்டாம். மூடியில் எப்படியும் புது ரப்பர் வளையம் போடுவதாகவே திட்டமிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் மூடி அலுமினியம், அது உள்ளே இருக்கிறது. அலுமினியம் ஸ்டீலைப் போல இரண்டு மடங்கு விரியும். இரண்டும் ஒன்றாகச் சூடேறினால் மூடி இன்னும் இறுகும். 40 மி.மீ விட்டத்தில் 80 டிகிரி ஏறினால் வித்தியாசம் 0.035 மி.மீ. அதனால்தான் வெளிக் குழாயை வேகமாகச் சூடாக்கி, சூடு மூடிக்குப் பரவுமுன் திருப்பச் சொல்கிறேன். திருப்புமுன் மூடியின் மேல் ஈரத்துணியோ பனிக்கட்டியோ சில நொடி வைத்தால் உதவும். அலுமினியம் வெளியே, ஸ்டீல் உள்ளே என்றிருந்தால் கதையே தலைகீழ், சூடு தானாகவே தளர்த்திவிடும்.

சூடாக்கும்போது கட்டை அலுமினியம் என்பதும் நினைவிருக்கட்டும். அது சூட்டை உறிஞ்சிக் குடிக்கும், தானும் விரிந்து பிடிப்பு தளரும். காகிதமும் ரோசினும் வைத்திருந்தால் ரோசின் இளகி வழுக்கத் தொடங்கும். சூடு உண்டு என்றால் வெறும் கட்டை, மரையிலிருந்து 60 மி.மீ தள்ளி. அந்தத் தூரத்துக்கு டி கைப்பிடி கட்டாயம்.

#17 குழல்41

குரோம் கடினமானதாயிற்றே, அலுமினியம் அதைக் கீறுமா? ஒரு முறை லேசாக வழுக்கினாலும் கவலைப்பட வேண்டுமா?

#18 எண்ணெய்க்கை

குரோமைச் சுத்தமான அலுமினியம் கீறாது. ஆனால் ஹைட்ராலிக் தண்டுகளில் அந்தப் பூச்சு பெரும்பாலும் 20–30 மைக்ரான்தான், ஒரு முடியின் கனம்கூட இல்லை. கடினம், ஆனால் அடியிலுள்ள ஸ்டீல் அமுங்கினால் கூடவே வளையாமல் விரிசல் விடும். விரிசல் வழியே துரு கிளம்பும், துருப்பிடித்த மேடு சீலைத் தின்னும்.

கீறுவது அலுமினியத்தில் பதிந்த பொருள்: மணல், எமரித் தூள், லேத்தில் உதிர்ந்த ஸ்டீல் பிசிறு. இதே கட்டையில் முன்பு துருப்பிடித்த குழாயைப் பிடித்திருந்தால் அந்தத் துரு துளையின் சுவரில் பதிந்து கிடக்கும். ஆகவே குரோம் பாகத்துக்கு ஒரு கட்டை, மற்றதற்கு வேறு கட்டை.

வழுக்கியதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. தொடங்குமுன் குழாயிலிருந்து கட்டைக்கு ஒரே நேர்கோடாகப் பேனாவில் கோடு போடுங்கள். கோடு அரை மில்லிமீட்டர் பிரிந்தாலும் அங்கேயே நிறுத்திக் கட்டையைத் திறக்க வேண்டும். துளையில் மினுமினுப்பான கறுப்புத் தடம் இருக்கும், குழாயில் சாம்பல் நிறத்தில் அலுமினியம் தேய்ந்து அப்பியிருக்கும். அதை அப்படியே விட்டு மறுபடி இறுக்கினால் அப்பிய அலுமினியமே அடுத்த வழுக்கலைச் சுலபமாக்கும். துளையை மெல்லிய எமரித் தாளால் ஒரு இழுப்பு இழுத்து, நன்றாகக் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, பிறகு மாட்டுங்கள். குழாயில் அப்பியது ஆல்கஹாலில் போகாது, உலோகப் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் வரும்.

#19 மூன்றுதாடை

சின்னத் தண்டுக்காரர்களுக்காக ஒரு சேர்க்கை, ஏனென்றால் அவர்களும் இந்த உரையாடலைத் தேடி வருவார்கள். 12 மி.மீ தண்டில் 30 நியூட்டன் மீட்டர் என்பது எளிதாகத் தோன்றும். தட்டைத் தாடையில் அதற்கு வேண்டிய அழுத்தம் 12,500 நியூட்டன். இந்தக் குழாய்க்கு 100க்கு வேண்டியதைவிடவும் கொஞ்சம் அதிகம். விட்டம் குறையக் குறைய நெம்புகோல் குறைகிறது. அங்கே நசுங்கும் பயம் இல்லை என்பதால் 60 டிகிரி வி கட்டை, அல்லது ஈஆர் கோலட் (தண்டைச் சுற்றி இறுகும் பிளவுபட்ட கூம்பு வளையம்) பொருத்திய சதுரக் கட்டை மிகச் சரி. ஈஆர்32 கோலட் 20 மி.மீ வரை, ஈஆர்40 26 மி.மீ வரை. கோலட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது தண்டு உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோலட் கோணிப்போகும்.

லேத் சக்கில் பிடித்துக் கழற்றலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஸ்பிண்டில் சுற்றாமலிருக்க கியரைப் போட்டுவிட்டு நெம்பினால் போவது கியரின் பல்.

#20 குழல்41

முடிவு செய்துவிட்டேன். குழாய் மைக்ரோமீட்டரில் 40.97 காட்டுகிறது. கட்டையை 41.00க்குப் போர் அடிக்கக் கொடுக்கிறேன், 60 மி.மீ நீளம், நாலு எம்10, 1 மி.மீ தகடு. முதலில் காகிதமும் ரோசினும் சூடும் இல்லாமல், மரையிலிருந்து 25 மி.மீ விட்டு. வைஸுக்கு எம்10 போல்ட்டும் மாற்றுகிறேன்.

இரண்டு கேள்வி பாக்கி. நசுங்கவில்லை என்று எப்படி உறுதி செய்வது? மறுபடி மாட்டும்போது மூடியின் அகல ரிஞ்ச்சுக்கு டார்க் ரிஞ்ச்சில் நீட்டிப்பு போட வேண்டியிருக்கிறது, அது எண்ணை மாற்றுமா?

#21 பட்டறைவாசி

பிடிக்கறதுக்கு முன்னாடியே அளந்து எழுதி வைங்க. பிடிக்கப் போற இடத்துல மூணு உயரம், ஒவ்வொரு உயரத்துலயும் ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரியில ரெண்டு அளவு. மொத்தம் ஆறு எண். முடிச்சதும் அதே இடத்துல மறுபடி. கட்டையோட பிளவு எந்தப் பக்கம் பார்த்துச்சுன்னு குழாயில குறிச்சிருந்தா அளக்கற திசை மாறாது. முன்னாடியே 0.02 வித்தியாசம் இருந்து பின்னாடியும் அதேன்னா ஒண்ணும் ஆகல. புதுசா 0.05க்கு மேல வந்திருந்தா, புஷ் ஓடற இடமான்னு பாருங்க. ஆமான்னா அந்தக் குழாய் இனி வேண்டாம்.

#22 கணக்குப்பிள்ளை

நீட்டிப்பு, ரிஞ்ச்சின் அதே கோட்டில் முன்னால் நீண்டால் எண் மாறும். ரிஞ்ச்சின் தலை மையத்திலிருந்து கைபிடிக்கும் இடம் வரை 400 மி.மீ, நீட்டிப்பு 50 மி.மீ என்றால் வேண்டிய 60ஐ 400 ÷ 450 ஆல் பெருக்குங்கள். ரிஞ்ச்சில் 53 வைக்க வேண்டும். நீட்டிப்பை ரிஞ்ச்சுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் திருப்பி மாட்டினால் திருத்தமே வேண்டாம், 60ஐ அப்படியே வையுங்கள்.

மரையில் பழைய பசையை முழுக்க எடுத்துவிட்டு இறுக்குங்கள். பித்தளைக் கம்பித் தூரிகை போதும், ஸ்டீல் தூரிகை அலுமினிய மரையைத் தேய்த்துவிடும். முதல் மூன்று சுற்று கையால் மட்டும். கையால் ஓடாவிட்டால் மரை மாறி ஏறியிருக்கிறது, எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.